செட்டா, ரன்னா: எதற்கு அர்த்தம் அதிகம்?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் அதிக அர்த்தம் கொண்ட வினைச்சொல் 'செட்'. சுமார் 430 அர்த்தங்கள். பிறகு திருத்தியபோது 'ரன்' முந்திக்கொண்டது, 645!

ஆனால் தமிழில் எடுத்துச் சொல்லிப் பார்த்தால், ரன்தான் எளிது. நம்மிடம் 'ஓடு' இருக்கிறதே. மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மனதில் ஏதோ ஓடுகிறது. அங்கங்கே மட்டும் இடறும்: மூக்கு ஒழுகும், கடையை நடத்துவோம். தேர்தல் வந்தால் அமெரிக்கர் 'ஓடுகிறார்', நம்மூர் வேட்பாளர் நிற்கிறார். பிரிட்டனிலும் நிற்கத்தான் செய்கிறார்.

செட் அப்படி இல்லை, ஒவ்வொரு இடத்திலும் வேறு வினை கேட்கும். சூரியன் மறைகிறது, சிமென்ட் இறுகுகிறது, மோதிரத்தில் கல் பதிக்கிறார்கள், அலாரம் வைக்கிறோம். ராத்திரி பாலில் ஒரு ஸ்பூன் மோர் விட்டு மூடி வைக்கிறோம், காலையில் கிண்ணத்தைச் சாய்த்தாலும் தயிர் அசையாமல் நிற்கிறது. அதுவும் செட்தான், நமக்கு 'உறைந்தது'. ஒரே சொல்லால் அடக்க முடியாததால்தானோ என்னவோ, செட்டை அப்படியே எடுத்துக்கொண்டோம்: சினிமா செட், 'அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது'. செட் தோசையில் வரும் செட் மட்டும் வேறு வேர், லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது.

மொழிபெயர்க்கப் பழகுகிறவர்கள் முதலில் ரன்னை எடுங்கள். அப்புறம் செட்டுக்கு வாருங்கள். எனக்குப் பிடித்தது செட்தான், தமிழ் வினைகளை வரிசையாக வெளியே கொண்டுவருகிறது.