கிங்காம்பிட் கடைசியில்தான் வர வேண்டும்: ஒரே ஹைப்பர் அஃபென்ஸ் அணியோடு ஒன்றரை வருடம்

2023 டிசம்பரில் இண்டிகோ டிஸ்க் (போக்கிமான் விளையாட்டின் கூடுதல் பகுதி) வந்ததும், போக்கிமான் சண்டைகளை இணையத்தில் ஆடும் தளமான போக்கிமான் ஷோடவுனில் ஒன்பதாம் தலைமுறை ஓயூ (அதிகம் பயன்படுத்தப்படும் போக்கிமான்களின் பிரிவு) ஆட ஆரம்பித்தேன். அதற்கு முன்பும் ஆடியிருக்கிறேன், ஆனால் வாரத்துக்கு ஒரு அணி என்று மாற்றிக்கொண்டே இருப்பேன், நாலு ஆட்டம் தோற்றால் அணியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஒன்று கட்டுவேன். இந்த முறை ஒரே முடிவு: ஒரு தாக்குதல் அணி (ஹைப்பர் அஃபென்ஸ், அடிப்பதையே நம்பும் அணி), அதே ஆறு போக்கிமான்கள், குறைந்தது ஒரு வருடம். மூவ் (சண்டையில் செய்யும் செயல்), ஐட்டம் (கூடக் கொடுத்தனுப்பும் பொருள்), ஈவி (தாக்குதல், வேகம் போன்ற ஸ்டாட்களுக்குப் பிரித்துப் போடும் புள்ளிகள்) மாற்றலாம், ஆளை மாற்றக் கூடாது. ஒரு வருடம் என்று நினைத்தது ஒன்றரை வருடம் ஓடியது.

அந்த ஆறு பேர்: கிளிம்மோரா, கோல்டெங்கோ, கிரேட் டஸ்க், ஐயர்ன் வேலியன்ட், டிராகோனைட், கிங்காம்பிட். ஓயூ ஆடுகிறவர்களுக்கு இதில் புதுமை எதுவும் தெரியாது, எல்லாமே அடிக்கடி எதிரில் வந்து நிற்கும் முகங்கள்தான். எனக்கு வேண்டியதும் அதுதான். விசித்திரமான அணி கட்டினால் தோல்விக்கு அணியைக் காரணம் சொல்லிவிடலாம், இதில் சொல்ல முடியாது.

முதல் இரண்டு மாதம் ரேட்டிங் 1400-ஐத் தாண்டவே முடியவில்லை. அடி பலமாகத்தான் விழுந்தது, ஆட்டம் மட்டும் கையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள் உட்கார்ந்து தோற்ற ஆட்டங்களின் ரீப்ளேக்களை வரிசையாகப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. என் போக்கிமான் ஒவ்வொன்றும் களத்துக்கு வரும்போதே அடி வாங்கிக்கொண்டுதான் வருகிறது. ஸ்விட்ச் செய்கிறேன் (களத்தில் இருப்பவரை மாற்றுகிறேன்), வரும்போது ஒரு அடி, அடுத்த டர்னில் நான் அடிப்பதற்குள் எதிராளி அதற்குச் சரியான ஆளை இறக்குகிறார், நான் மறுபடி ஸ்விட்ச், மறுபடி ஒரு அடி. ஸ்டால் அணிக்கு (தாங்கி நின்றே ஜெயிக்கும் அணி) இது பிரச்சினை இல்லை, அது அடி வாங்கவென்றே கட்டப்பட்டது. என் ஆட்கள் இரண்டு அடி தாங்கினாலே அதிகம்.

அதன்பிறகு நான் அணியைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. இவன் எவ்வளவு பலமாக அடிப்பான் என்று கேட்பதை விட்டுவிட்டு, இவன் ஒரு ஆட்டத்தில் எத்தனை தடவை அடி வாங்காமல் உள்ளே வர முடியும் என்று கேட்க ஆரம்பித்தேன். தாக்குதல் அணிக்கு அடி வாங்காமல் உள்ளே வர இருக்கும் வழிகள் கொஞ்சம்தான், அதில் நிச்சயமானது நம் ஆள் ஒருவர் சாவது. செத்த டர்னுக்குப் பிறகு அடுத்தவர் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே வருகிறார். அப்படியென்றால் ஆறு பேரில் யார் எப்போது விழ வேண்டும் என்பதே ஆட்டத்தின் திட்டம். 20 சதவீத உயிரோடு இருப்பவரைக் காப்பாற்ற ஸ்விட்ச் செய்து, முழு உயிரோடு இருப்பவரைக் காயப்படுத்திக்கொள்கிற பழக்கத்தை விடவே எனக்கு ஒரு மாதம் ஆனது. மனசு கேட்காது. ஆனால் அதை விட்ட வாரத்திலிருந்தே ரேட்டிங் ஏற ஆரம்பித்தது.

முதலில் விழ வேண்டியவர் கிளிம்மோரா. ஃபோகஸ் சாஷ் (முழு உயிரில் இருப்பவரை ஒரே அடியில் சாக விடாத பொருள்) கட்டி முதல் டர்னிலேயே அனுப்புகிறேன். வேலை, உள்ளே வரும் எதிரிகளைக் காயப்படுத்தும் பொறியான ஸ்டெல்த் ராக் போடுவது, முடிந்தால் அதேபோன்ற ஸ்பைக்ஸும். உடல்வகைத் தாக்குதல் ஒன்று பட்டால் அதன் டாக்ஸிக் டெப்ரிஸ் திறனால் எதிராளியின் பக்கத்தில் விஷ முட்கள் தானாகவே விழும், அதற்குத் தனி டர்ன் செலவில்லை. எதிரே கிரேட் டஸ்க் வந்தால் பார்க்க வேண்டும்: கிளிம்மோராவின் அடிப்படை வேகம் 86, டஸ்குடையது 87. இருவரும் வேகத்தில் முழு முதலீடு செய்திருந்தால் அந்த ஒரு புள்ளியில் டஸ்க் முந்தும். நிலவகை அடி கிளிம்மோராவுக்கு நாலு மடங்கு, டஸ்க்கின் ஹெட்லாங் ரஷ் விழுந்ததும் சாஷ் உடைந்து உயிர் 1-ல் நிற்கும், விஷ முட்கள் அந்தப் பக்கம் விழும், அதே டர்னில் ராக்கும் போட்டு முடித்திருப்பேன். அடுத்த டர்ன் செத்தால் சாகட்டும். ஒரே ஆளின் செலவில் இரண்டு பொறியும், அடுத்தவருக்குச் சுத்தமான நுழைவும் கிடைத்தாயிற்று.

போட்ட பொறியைக் காவல் காக்க கோல்டெங்கோ. பேய்வகை என்பதால் பொறியை அகற்றும் ரேபிட் ஸ்பின் படாது, குட் அஸ் கோல்ட் திறன் இருப்பதால் அதே வேலைக்கான டிஃபாகும் பலிக்காது. நான் ஏர் பலூன் கட்டுகிறேன், பலூன் உடையும் வரை டஸ்க்கின் நிலவகை அடியும் தொடாது, எதிராளி நாக் ஆஃபைத்தான் நம்ப வேண்டும். நாஸ்டி ப்ளாட் (சிறப்புத் தாக்குதலை ஏற்றும் மூவ்) ஒன்று போட ஒரு டர்ன் கிடைத்தால் போதும்.

ஐயர்ன் வேலியன்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அணி கட்டுவது என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது இதில்தான். முதலில் மூன்ப்ளாஸ்ட், க்ளோஸ் காம்பாட், நாக் ஆஃப் என்று அதனிடம் இருக்கும் பலமான மூவ்களை எல்லாம் கொடுத்திருந்தேன். தனியாகப் பார்த்தால் நல்ல செட்தான். ஆனால் ஆட்டத்தை முடிக்க வேண்டியவர் டிராகோனைட், அதன் வழியை அடைத்துக்கொண்டு நிற்பவர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதினேன்: டோண்டோசோ, கார்விநைட், டாக்ஸாபெக்ஸ். மூன்றுக்கும் மின்சாரம் ஆகாது. க்ளோஸ் காம்பாட்டைத் தூக்கிவிட்டு தண்டர்போல்ட் வைத்தேன், நாக் ஆஃப் இடத்தில் என்கோர் (எதிராளியை முந்தைய மூவையே திரும்பச் செய்ய வைப்பது). வேலியன்ட் தனிப்பட்ட முறையில் பலவீனமானது, கொல்லும் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் டிராகோனைட் ஆட்டத்தை முடிப்பது அதற்கப்புறம்தான் வழக்கமானது. ஒருவர் கதவை உடைக்கிறார், இன்னொருவர் உள்ளே போகிறார். உடைக்கிறவருக்கும் போகிறவருக்கும் ஒரே கதவு எதிரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆறு பேரும் ஆறு கதவைத் தட்டிக்கொண்டு நிற்போம்.

அடுத்து வேலியன்ட், டஸ்க் இருவருக்கும் கொடுத்த பூஸ்டர் எனர்ஜி (உள்ளே வந்ததும் ஒரு ஸ்டாட்டை ஏற்றும் பொருள்) கணக்கு. இதில் நான் மூன்று வாரம் தவறாகவே ஆடினேன். பூஸ்டர் எனர்ஜி எந்த ஸ்டாட் அதிகமோ அதைத்தான் ஏற்றும், வேகம் என்றால் 50 சதவீதம், மற்றவை 30 சதவீதம். வேலியன்ட்டுக்குச் சிக்கலில்லை: டிமிட் இயல்பு (வேகத்தைக் கூட்டுவது), வேகத்தில் 252 ஈவி போட்டால் வேகம் 364, சிறப்புத் தாக்குதலில் முழுதாகப் போட்டாலும் 339-தான், ஆகவே வேகம் ஏறி 546 ஆகிறது. கிரேட் டஸ்க்குக்கும் அதேபோல ஆகும் என்று நினைத்து, வேகத்தைக் கூட்டும் ஜாலி இயல்போடு தாக்குதல் 252, வேகம் 252 போட்டேன். அப்படிப் போட்டால் தாக்குதல் 361, வேகம் 300. உள்ளே வந்ததும் தாக்குதல்தான் ஏறும். திரையில் அது ஒரு வரியாக ஓடுகிறது, அவசரத்தில் நான் படிக்கவே இல்லை, வேகமாக இருக்கிறோம் என்று நம்பி எதிராளியின் டிராகாபல்ட்டிடம் திரும்பத் திரும்ப டஸ்க்கைப் பறிகொடுத்தேன். வேகம் ஏற வேண்டுமென்றால் தாக்குதலில் அநேகமாக ஒன்றுமே போடக் கூடாது. ஈவி இல்லாமலே டஸ்க்கின் தாக்குதலும் தற்காப்பும் 298, வேகத்தின் 300 அதை இரண்டு புள்ளியில்தான் தாண்டுகிறது. 4 ஈவி போட்டால் 299, அதுவரை சரி. அதற்கு மேல் போட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். மீதியை உயிரில் போட்டேன். அடி கொஞ்சம் குறைந்தது, ஆனால் 450 வேகத்தில் வந்து ஹெட்லாங் ரஷ் அடிக்கும் டஸ்க்கை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

டெராஸ்டலுக்கு (ஆட்டத்தின் நடுவில் போக்கிமானின் வகையை மாற்றுவது, சுருக்கமாக டெரா) வருகிறேன். ஒரு ஆட்டத்துக்கு ஒரே முறை. என் அணியில் அதை வாங்க இரண்டு பேர் போட்டி: டிராகோனைட்டுக்கு டெரா நார்மல், கிங்காம்பிட்டுக்கு டெரா டார்க். டிராகோனைட் நார்மல் ஆனால் பனிவகையின் நாலு மடங்கு பயம் போய்விடும், நார்மல்வகை மூவான எக்ஸ்ட்ரீம் ஸ்பீடுக்குத் தன்வகை என்பதால் ஒன்றரை மடங்கு சேரும், அந்த மூவ் எதிராளியின் வேகத்தைக் கண்டுகொள்வதே இல்லை. ஆரம்பத்தில் ஆபத்து வந்தபோதெல்லாம் டெராவைச் செலவழித்தேன், யாரையாவது காப்பாற்றத்தான். இப்போது அணிகள் திரையில் தெரியும்போதே முடிவு செய்துவிடுகிறேன். எதிராளியிடம் பேயோ எஃகோ (எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் இவற்றிடம் எடுபடாது) இரண்டுக்கு மேல் இருந்தால் டெரா கிங்காம்பிட்டுக்கு, இல்லையென்றால் டிராகோனைட்டுக்கு. முடிவு தவறாகப் போன ஆட்டங்கள் உண்டு, ஆனால் நடுவில் மாற்றிக்கொண்டு தோற்ற ஆட்டங்கள் அதைவிட அதிகம்.

கடைசி ஆள் கிங்காம்பிட். சுப்ரீம் ஓவர்லார்ட் திறன், விழுந்த ஒவ்வொரு கூட்டாளிக்கும் 10 சதவீதம் பலம், ஐந்து பேர் விழுந்தால் 50. சக்கர் பஞ்ச்சின் 70 பலம் தன்வகை மடங்கும் இதுவும் சேர்ந்து 157 ஆகிவிடும், அதுவும் முந்திக்கொண்டு அடிக்கும் மூவ். ஆட்களை இழந்தபடி முன்னேறும் அணிக்கு இதைவிடப் பொருத்தமான கடைசி ஆள் கிடையாது. ஆனால் சக்கர் பஞ்ச் எதிராளி அடிக்க வந்தால்தான் விழும், ஸ்டேட்டஸ் மூவ் (நேரடியாக அடிக்காதது) போட்டால் வீண். அந்த ஊகத்தில்தான் எத்தனையோ ஆட்டம் விட்டிருக்கிறேன்.

ஒரு ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். ஐந்து பேரும் விழுந்தாயிற்று, டெராவை டிராகோனைட் செலவழித்துவிட்டது, என்னிடம் கிங்காம்பிட் மட்டும். எதிரே கடைசி ஆள் டிராகாபல்ட், ஏற்கெனவே வில்-ஓ-விஸ்ப் (தீக்காயம் உண்டாக்கும் ஸ்டேட்டஸ் மூவ்), ஹெக்ஸ், யூ-டர்ன் மூன்றையும் காட்டியிருந்தது. உள்ளே வரும்போது ஸ்டெல்த் ராக் பட்டு 88 சதவீதத்தில் நிற்கிறது. விரல் வழக்கம்போல சக்கர் பஞ்ச் பக்கம் போனது. நிறுத்தி, சேதக் கணக்கீட்டுப் பக்கத்தைத் திறந்தேன். வில்-ஓ-விஸ்ப் விழுந்தால் சக்கர் பஞ்ச் தோற்கும், தீக்காயத்தில் என் தாக்குதல் பாதியாகும். சரி, தீக்காயத்தோடேயே இன்னொரு மூவான கவ்டவ் க்ளீவ் அடித்தால்? வரக்கூடிய 16 சேத மதிப்புகளில் மிகக் குறைந்ததே 297. தற்காப்பில் முதலீடு இல்லாத டிராகாபல்ட்டின் முழு உயிர் 317, ராக் 39-ஐ எடுத்துவிட்டது, மீதி 278. ஹெக்ஸ் அடித்தாலும் யூ-டர்ன் அடித்தாலும் என் கிங்காம்பிட் தாங்கும். ஊகிக்க எதுவுமே இல்லை! கவ்டவ் க்ளீவ் அழுத்தினேன், வில்-ஓ-விஸ்ப் வந்தது, தீக்காயம் பட்டது, அடி விழுந்தது, ஆட்டம் முடிந்தது. முழு உயிர் 317 ஆக இருந்திருந்தால் அது உறுதியில்லாத அடி. ஆரம்பத்திலேயே செத்துப்போன கிளிம்மோரா போட்ட கல்தான் அந்த 39. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, இந்த அணியில் அதைக் கண்ணால் பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. டோண்டோசோவின் அன்அவேர் திறன் எதிராளி ஏற்றிக்கொண்ட ஸ்டாட் எதையும் மதிக்காது, டிராகன் டான்ஸ் ஆடிய டிராகோனைட் அதன் முன் சாதாரண ஆள். வேலியன்ட் முன்பே விழுந்துவிட்டால் எனக்கு மிஞ்சும் ஒரே வழி கிங்காம்பிட்தான், சுப்ரீம் ஓவர்லார்ட் ஸ்டாட் ஏற்றம் இல்லை, மூவின் பலத்தையே கூட்டுகிறது, அதனால் அன்அவேர் அதைத் தடுக்க முடியாது. இது தெரியாமல் டோண்டோசோவை நம்பி நிற்கிற எதிராளிகளை இன்றும் பார்க்கிறேன்.

டிங்-லூ இன்னும் பெரிய தலைவலி. வேர்ல்விண்ட் மூவால், செட்டப் செய்தவரை (ஸ்டாட் ஏற்றிக்கொண்டவரை) களத்திலிருந்து துரத்திவிடும், ராக்கும் ஸ்பைக்ஸும் போட்டு என் ஆட்களைத் தேய்க்கும். வேர்ல்விண்ட் படாத ஒரே ஆள் என்னிடம் கோல்டெங்கோ, ஆனால் டிங்-லூ களத்தில் இருந்தாலே அதன் சிறப்புத் தாக்குதலில் கால்வாசி போய்விடும், ரூயினேஷன் ஒன்று அடித்துப் பலூனை உடைத்துவிட்டு அடுத்த டர்ன் எர்த்குவேக் போடும். இப்போதைக்கு என் பதில், டிங்-லூ இருக்கும் அணிக்கு எதிராக வேலியன்ட்டை டிராகோனைட்டுக்காகக் காத்திருக்க வைக்காமல் ஆரம்பத்திலேயே இறக்கி மூன்ப்ளாஸ்ட் அடிப்பது. பாதி ஆட்டங்களில் சரியாக வருகிறது.

இன்னொன்று, எதிராளியும் ஹைப்பர் அஃபென்ஸ் ஆடினால் இரண்டு டர்னில் யார் முந்துகிறார் என்பதிலேயே ஆட்டம் தீர்ந்துவிடும், திட்டத்துக்கு இடமே இருக்காது. ஒரு ஆட்டம் சராசரியாகச் சீக்கிரம் முடிவதால் ஒரு சாயங்காலத்தில் நிறைய ஆடலாம் என்பது நல்லதுதான், ஆனால் மூன்று தோல்வி வரிசையாக வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், இந்த அணி அவசரத்தை மன்னிக்காது.

புதிதாக ஒரு தாக்குதல் அணி கட்டப் போகிறீர்கள் என்றால், கடைசியில் யார் ஆட்டத்தை முடிப்பார் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள், அவரைத் தடுக்கிற மூன்று பெயரை எழுதுங்கள், அந்த மூன்றையும் அடிக்கிற மூவ் வேறு யாரிடம் இருக்கிறது என்று தேடுங்கள். மீதி இடங்கள் தானாக நிரம்பும். ஈவி போட்ட பிறகு பூஸ்டர் எனர்ஜி எதை ஏற்றுகிறது என்று ஒரு சோதனை ஆட்டத்தில் பார்த்துவிடுங்கள்.

நான் இப்போது 1700-க்கு மேலே கீழே என்று ஆடிக்கொண்டிருக்கிறேன். ஆறு பேரில் யாரையும் மாற்றவில்லை. இந்த வாரம் டஸ்க்கின் நாக் ஆஃபை எடுத்துவிட்டு பல்க் அப் (தாக்குதலையும் தற்காப்பையும் ஏற்றும் மூவ்) வைத்துப் பார்க்கிறேன், டிங்-லூவின் முன் அதுவாவது நிற்கிறதா என்று. இதுவரை ஒன்பது ஆட்டம், இரண்டில்தான் டிங்-லூ வந்தது.