நந்தனாவா, பொழிலரசியா?

பெண் குழந்தைக்குத் தோட்டம் மணக்கும் பெயர் தேடுவோர் பலர் இந்த இரண்டில் தயங்கி நிற்கிறார்கள்.

பொருள்: நந்தனம் இந்திரனின் தோட்டம், வடசொல். பொழில் தமிழ்ச்சொல், சோலை என்பதோடு உலகம் என்றும் பொருள். பழந்தமிழ்ப் பாட்டில் வரும் நாவலந்தண்பொழில் என்றால் தோப்பு அல்ல, நிலப்பரப்பு! சோலைக்கு அரசி, உலகுக்கும் அரசி. எனக்கு இந்த இரட்டைப் பொருளே பிடித்திருக்கிறது.

எழுத்து: ஆங்கிலத்தில் நந்தனாவுக்கு 7, பொழிலரசிக்கு 11. வெளிமாநிலத்தில் ழகரம் படும் பாடு தெரிந்ததுதான்.

செல்லப்பெயர்: நந்து, பொழில்.

வகுப்பில் இன்னொரு நந்தனா இருக்கலாம். இன்னொரு பொழிலரசி அரிது.

அடிக்கடி ஊர் மாறும் குடும்பத்துக்கு நந்தனா. ழகரத்தைச் சொல்லித்தரப் பொறுமை இருந்தால், தயங்காமல் பொழிலரசி.