சன்னியா, டம்ப்ளரா?

1947-இல் பெல்ஜியத்தின் ஸ்பிரூ காமிக்ஸ் இதழில் தொடங்கிய, அமெரிக்க விமானி பக் டேனியின் சித்திரக்கதைத் தொடர், உலகப்போர் முடிந்ததும் தன் விமானிகளுக்கு ராணுவ உடையைக் கழற்றி, செங்கடல் பக்கம் பாலைவனத்துக்கு அனுப்பியது. தனியார் வேலை என்று போனால், பின்னணியில் ஆயுதக் கடத்தல்!

பக் தப்பே செய்யாத ஆள், அவரை விடுங்கள். யார் நமக்குப் பிடித்தவர் என்ற போட்டி அவருடைய விமானித் தோழர்கள் இருவருக்குள்தான். டம்ப்ளர் நிதானமானவர், அளந்து பேசுபவர், ஆபத்தில் நம்பலாம். சன்னி டக்சனோ செம்பட்டை முடி, ஓயாத வாய், வம்பை விலைக்கு வாங்கும் ராசி. கதாசிரியர் ஷார்லியே விமானம் ஓட்டத் தெரிந்தவர். கட்டத்துக்குக் கட்டம் தொழில்நுட்பப் பேச்சைக் கொட்டுவார். அங்கே நமக்கு மூச்சுவிட இடம் தருவது சன்னிதான். யூபினோன் வரைந்த அந்தத் திருதிரு முழி போதுமே! டம்ப்ளர் இல்லாமலும் கதை நகரும். என் ஓட்டு சன்னிக்கு.