வெசல் வால் எம்ஆர்ஐ: தம்பிக்கு எடுத்தோம், ஸ்கேனுக்கு ஃபுல் மார்க், ரிப்போர்ட்டுக்கு இல்ல

தம்பிக்கு ஸ்ட்ரோக். சின்ன வயசு, சுகர் பிரஷர் எதுவும் கிடையாது. எம்ஆர் ஆஞ்சியோல மூளைக்குப் போற ரத்தக்குழாய் ஒன்னு சுருங்கியிருக்குன்னு வந்துச்சு, ஆனா ஏன் சுருங்குச்சுன்னு அதுல தெரியாது, ஏன்னா ஆஞ்சியோ ரத்தம் ஓடுற வழியைத்தான் காட்டும், குழாயோட சுவரைக் காட்டாது. கொழுப்பு படிஞ்சதா இல்ல சுவர்லயே இன்ஃப்ளமேஷனா (அழற்சி), அது தெரிஞ்சாத்தான் மருந்து முடிவு பண்ண முடியும்னு நியூரோ டாக்டர் வெசல் வால் எம்ஆர்ஐ, அதாவது குழாயோட சுவரையே காட்டுற இந்த ஸ்கேனை எழுதிக் குடுத்தாரு.

இதுல ஓடுற ரத்தத்தைக் கருப்பாக்கிடுறாங்க, சுவர் மட்டும் தனியா தெரியுது, அப்புறம் காடோலினியம்ங்கற கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியா போட்டு மறுபடி எடுக்கறாங்க. இன்ஃப்ளமேஷன் இருந்தா அந்த இடம் வெள்ளையா பளிச்சுன்னு நிக்குது. வாஸ்குலைட்டிஸ், அதாவது குழாய் சுவர்ல இன்ஃப்ளமேஷன்னா பெரும்பாலும் குழாயைச் சுத்தி வளையமா இருக்குமாம், கொழுப்புன்னா ஒரு பக்கமாத் தடிச்சிருக்குமாம். தம்பி படத்துல அந்த வளையத்தை டாக்டர் காட்டினப்ப எனக்கே புரிஞ்சுது.

சென்டர்ல 3 டெஸ்லா (டெஸ்லாங்கறது காந்தத்தோட பவர்) மெஷின். கிட்னி சரியா இருக்கான்னு கிரியேட்டினின் டெஸ்ட் பாத்துட்டுத்தான் ஊசி போட்டாங்க. சுவரோட தடிமன் ஒரு மில்லிமீட்டர் கூட கிடையாது, கொஞ்சம் அசைஞ்சாலும் படம் வீண்னு டெக்னீஷியன் தம்பிகிட்ட பொறுமையா சொல்லி, தலைக்கு ரெண்டு பக்கமும் ஸ்பாஞ்ச் சொருகி, நடுநடுவுல மைக்ல பேசிக்கிட்டே எடுத்தாரு. அவருக்கு ரொம்ப நன்றி.

குறை ரிப்போர்ட்லதான். மொதல்ல வந்ததுல சுருக்கம் இருக்குன்னு மட்டும் போட்டு சுவரைப் பத்தி ஒரு வரி இல்ல, இதுக்கா இவ்ளோ காசு குடுத்தோம்? டாக்டர் திருப்பி அனுப்பி, மூளை ஸ்கேன் படிக்கறதுல ஸ்பெஷலிஸ்ட்டான நியூரோ ரேடியாலஜிஸ்ட் பாத்த பிறகுதான் வளையத்தைப் பத்தி எழுதி வந்துச்சு. அதனால யார் ரிப்போர்ட் எழுதுவாங்கன்னு புக் பண்ணும்போதே கேட்டுடுங்க. இன்ஃப்ளமேஷனைக் குறைக்கற ஸ்டீராய்டு மருந்து ஆரம்பிச்சுட்டா அந்த வெள்ளை மங்கிடலாம், முன்னாடியே எடுக்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அவசரம்னா அவர் சொல்றதுதான்.

அனியூரிசம் (ரத்தக்குழாய் ஒரு இடத்துல பலூன் மாதிரி உப்பியிருக்கறது) இருக்கறவங்களுக்கும் இதை எடுக்கறாங்க. அமெரிக்காவுல அயோவா யுனிவர்சிட்டில டேவிட் ஹாசன் டீம் ரத்தசோகைக்குப் போடுற ஃபெருமாக்ஸிடால் இரும்பு மருந்தையே ஏத்தி, அதை முழுங்குற மேக்ரோஃபேஜ் செல் (இன்ஃப்ளமேஷன் இருக்கற இடத்துல கூடுற நோய் எதிர்ப்பு செல்) அனியூரிசம் சுவர்ல எங்க கூடியிருக்குன்னு எம்ஆர்ஐல பாத்திருக்காங்க, 2012ல பேப்பரே வந்துச்சு. அது ஆராய்ச்சி லெவல், நம்ம சென்டர்ல போய் கேக்காதீங்க.

ரிப்போர்ட்டோட சிடியும் கேட்டு வாங்கிடுங்க, மருந்து கேக்குதான்னு அடுத்த ஸ்கேன்ல பாக்க பழைய படம் வேணும்.