பெரிய குத்துச்சண்டையை வீட்டில் பார்க்க: கேபிளா, ஸ்ட்ரீமிங்கா, சந்தாவா?

உலகப் பட்டத்துக்கான குத்துச்சண்டை முழுதாக நடந்தால், சுற்றுக்கு 3 நிமிடம் வீதம் 12 சுற்றுகளுக்கு 36 நிமிடம் வரும்; இடைவேளைகளையும் சேர்த்தால் 47 நிமிடம். 2015 மே 2 அன்று ஃபிளாய்ட் மேவெதரும் மேனி பக்கியாவோவும் லாஸ் வேகஸில் மோதியபோது, அதை எச்டி தரத்தில் வீட்டிலிருந்து பார்க்க அமெரிக்க ரசிகர் கொடுத்தது 99.95 டாலர், அதாவது சண்டை நடந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஏறத்தாழ 2.80 டாலர். அந்தச் சண்டையாவது பன்னிரண்டு சுற்றும் நீடித்தது. சிறையிலிருந்து வெளிவந்த மைக் டைசன், 1995 ஆகஸ்டில் பீட்டர் மக்நீலியைச் சந்தித்த போட்டி 89 நொடிகளில் முடிந்துவிட்டது. ஆகவே ஒரு போட்டிக்கென்று தனியாகப் பணம் கட்டிப் பார்க்கும் பே-பர்-வியூவில் நிமிடக் கணக்குப் பார்ப்பவர் கட்டாயம் ஏமாந்துபோவார். ஒரே ஒரு குத்து விழும் அந்தக் கணத்தில் படம் அறுபடாமல் நம் கண்முன் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நாம் காசு கொடுக்கிறோம். இன்று நம் முன் உள்ள மூன்று வழிகளையும் இந்த ஓர் அளவுகோலைக் கொண்டே பார்ப்பது நியாயம் என்பது என் எண்ணம்.

முதலாவது, கேபிள் அல்லது டிஷ் இணைப்பில் போட்டியைத் தனியாக விலைக்கு வாங்குவது. 1991 ஏப்ரலில் இவாண்டர் ஹோலிஃபீல்டும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதிய போட்டி, அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சி நிறுவனமான எச்பிஓ இதற்கென்றே தொடங்கிய பே-பர்-வியூ பிரிவின் முதல் நிகழ்ச்சி. ஏறத்தாழ 14 லட்சம் வீடுகள் அதை வாங்கின. அதற்கு முன்பு பல காலம் இத்தகைய பெரிய சண்டைகளைப் பார்க்க விரும்பியவர்கள் பெரும்பாலும் திரையரங்குகளிலும் விளையாட்டு அரங்குகளிலும் சீட்டு வாங்கிக்கொண்டு, பெரிய திரையின் முன் கூட்டமாக உட்கார வேண்டியிருந்தது. கேபிளின் பெரும் பலம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரே சமிக்ஞை எல்லா வீடுகளுக்கும் போகிறது. பணம் கட்டிய வீட்டின் செட்டாப் பாக்ஸுக்கு மட்டும் பூட்டைத் திறக்கும் அனுமதி கிடைக்கிறது. பத்தாயிரம் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும், ஓடத் தொடங்கிய படத்துக்கு அதனால் சுமை கூடுவதில்லை.

சிக்கல் வருவதெல்லாம் வாசலில்தான். மேவெதர்–பக்கியாவோ போட்டியை அமெரிக்காவில் சுமார் 46 லட்சம் பேர் வாங்கினார்கள், அவர்களில் கணிசமானோர் கடைசி நேரத்தில் ரிமோட்டை எடுத்தார்கள். ஆர்டர்களைப் பதிவு செய்யும் அமைப்புகள் திணறியதால் முதன்மைப் போட்டியின் தொடக்கமே தள்ளிப்போனது. உள்ளே நுழைந்தவர்களுக்குப் படம் சீராகவே ஓடியது, நுழைவதற்குத்தான் பாடாய்ப் போயிற்று. இதற்கான பரிகாரம் எளிது. காலையிலேயே வாங்கிவிட வேண்டும், வாங்கியதோடு நிற்காமல் அந்தச் சேனல் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும். டிஷ் வைத்திருப்பவர்களுக்குக் கனமழை என்ற கவலை ஒன்று கூடுதலாக உண்டு, அதற்கு யாரிடமும் மருந்து இல்லை.

இரண்டாவது, அதே போட்டியை அதே விலைக்கோ கொஞ்சம் முன்பின்னான விலைக்கோ இணையத்தின் வழியே ஸ்ட்ரீமிங்கில் வாங்குவது. செட்டாப் பாக்ஸ் தேவையில்லை, தொழில்நுட்ப ஆளை அழைக்க வேண்டியதில்லை, படுக்கையறையிலும் பார்க்கலாம், பயணத்திலும் பார்க்கலாம். வசதி என்று பார்த்தால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் கேபிளுக்கு நேர் எதிராக, இங்கே பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரவு அனுப்பப்படுகிறது. எனவே கூட்டத்தின் சுமை வாசலோடு நிற்பதில்லை, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் தலையிலும் இறங்குகிறது. 2017 ஆகஸ்ட் 26 அன்று மேவெதர், கானர் மெக்ரெகரைச் சந்தித்தபோது கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை நடத்தும் யுஎஃப்சி நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் சேவை முடங்கியதும், பணம் கட்டியவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டதும், வழக்குகள் எழுந்ததும் குத்துச்சண்டை ரசிகர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும்.

படம் ஒரு நொடி நின்றால் குடியா முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, 2023 ஏப்ரல் 22 அன்று நடந்த ஜெர்வான்டா டேவிஸ்–ரயன் கார்சியா போட்டியைத்தான் காட்டுவேன். ஏழாவது சுற்றில் டேவிஸின் இடது கை கார்சியாவின் விலாவுக்குக் கீழே இறங்குகிறது. ஒன்றும் நடக்காதது போல் கார்சியா பின்னால் நகர்கிறார். அதன் பிறகே அந்த வலி உடம்புக்குள் வேலை செய்கிறது. முழங்கால் மடங்குகிறது, முகம் சுருங்குகிறது, நடுவர் பத்து எண்ணி முடிக்கும்போதும் அவர் எழவில்லை. அடி விழுந்ததற்கும் முழங்கால் தரையைத் தொட்டதற்கும் இடைப்பட்ட அந்தச் சிறு இடைவெளியில்தான் 84.99 டாலரும் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் திரையின் நடுவில் வட்டம் சுழன்றிருந்தால், மீதமிருப்பது முழங்காலிட்டு நிற்கும் ஒரு மனிதரின் படம் மட்டுமே. வேறொரு போட்டியில் எனக்கு இப்படி நேர்ந்ததுண்டு. படம் உறைந்து நின்று மறுபடி ஓடத் தொடங்கியபோது, ஒருவர் தரையில் கிடந்தார், மற்றவர் மூலைக் கயிற்றின் மேல் ஏறி நின்று கைகளை உயர்த்தியிருந்தார். மறு ஒளிபரப்பில் பத்து முறை பார்த்தேன், ஆனாலும் பார்த்ததாகவே தோன்றவில்லை.

ஸ்ட்ரீமிங்கின் இன்னொரு குறை தாமதம். கேபிளைவிடப் படம் அரை நிமிடம்கூடப் பின்தங்கி வரக்கூடும் என்பதால், கேபிளில் பார்க்கும் நண்பர் கைபேசியில் அனுப்பும் ஒற்றைச் சொல், நம் திரையில் அடி விழுவதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடும். கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருவது இதற்குப் போதுமான தீர்வு.

மூன்றாவது வழி, தனிக் கட்டணமின்றி மாதச் சந்தாவுக்குள்ளேயே பார்ப்பது. பே-பர்-வியூவின் காலம் முடிந்தது என்று முழங்கிக்கொண்டுதான் விளையாட்டு ஸ்ட்ரீமிங் நிறுவனமான டசோன் 2018இல் அமெரிக்காவுக்குள் நுழைந்தது. 2022 மே மாதம் கனெலோ அல்வாரஸ்–டிமிட்ரி பிவோல் போட்டி வந்தபோது, அதே நிறுவனம் சந்தாதாரர்களிடம் 59.99 டாலரும் மற்றவர்களிடம் 79.99 டாலரும் கேட்டது. சந்தாவும் கட்டி, போட்டிக்குத் தனியாகவும் கட்டுவது ரசிகருக்கு எரிச்சலூட்டுவதில் வியப்பில்லை. என் கணக்கில் இந்த இரட்டை வசூலே எல்லாவற்றிலும் மோசமான பேரம்.

நெட்ஃபிளிக்ஸ் இதை வேறு விதமாகக் கையாண்டது. 2024 நவம்பர் 15 அன்று நடந்த ஜேக் பால்–மைக் டைசன் போட்டிக்குக் கூடுதல் கட்டணம் ஒரு காசும் இல்லை. உலகெங்கும் 6 கோடி வீடுகள் பார்த்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. படம் நின்று நின்று வந்த பஃபரிங் பற்றிய புகார்களும் குவிந்தன. ஆனால் அன்று விற்கப்பட்டது என்ன? 58 வயது டைசனும் 27 வயது பாலும், இரண்டு நிமிடச் சுற்றுகள் எட்டு. அதைக் குத்துச்சண்டை என்பதைவிடக் காட்சி என்பதே பொருந்தும். 2025 செப்டம்பர் 13 அன்று கனெலோவை டெரன்ஸ் கிராஃபோர்டு புள்ளிகளில் வென்ற போட்டியும் இதே சந்தாவுக்குள் வந்தபோதுதான், இந்த வழியை நானும் மதிக்கத் தொடங்கினேன். ஆனாலும் எந்தச் சண்டை வரும், எது வராது என்பதில் சந்தாதாரருக்குக் குரல் கிடையாது. அடுத்த பெரிய போட்டி வேறொரு நிறுவனத்தின் கையில் இருந்தால், இந்தச் சந்தாவால் பயன் ஏதும் இல்லை.

செலவைப் பொறுத்தவரை, கட்டணம் வீட்டுக்குத்தான், தலைக்கு இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எட்டுப் பேர் கூடிப் பார்த்தால் 84.99 டாலர் ஆளுக்குப் பதினொரு டாலருக்கும் கீழே வந்துவிடும். (மதுக்கூடங்கள் இப்படி வீட்டுக் கட்டணத்தில் காட்ட முடியாது. அவற்றுக்கு உரிமம் தனி, இடத்தின் கொள்ளளவுக்கு ஏற்ப விலையும் தனி.)

ஆண்டுக்கு ஒன்றிரண்டு பெரிய சண்டைகள் மட்டும் பார்ப்பவர், கேபிளில் கிடைக்கும் போட்டியைக் காலையிலேயே கேபிளில் வாங்கிக்கொள்வது நல்லது. அனுபவத்தில் சலிப்பில்லாத வழி இன்னமும் அதுதான். மாதம்தோறும் சின்னப் போட்டிகளையும் விடாமல் பார்ப்பவருக்குச் சந்தா கட்டுபடியாகும். ஸ்ட்ரீமிங்கில்தான் கிடைக்கும் என்றால், கம்பியற்ற இணைப்பை நம்பாமல் தொலைக்காட்சிக்கு நேராகக் கம்பி இணைத்து, முதல் துணைப் போட்டியிலிருந்தே ஓடவிட வேண்டும். யாரென்றே தெரியாத இரண்டு இளைஞர்கள் மோதும் அந்த நேரத்தில் படம் திக்கினால், முதன்மைப் போட்டிக்கு முன் ரௌட்டரை அணைத்துப் போடவும், கருவியை மாற்றவும் இரண்டு மணி நேரமாவது கையில் இருக்கும்.