பிள்ளைக்காகக் கோர்ட்டுக்கு நடக்கும் அம்மாக்களுக்கு ஒரு மாடி அறை

அந்த மாடி அறைக்குள் போனதும் அங்கே இருந்த அக்கா கேட்ட முதல் கேள்வி, "எங்க உட்காந்தா உங்களுக்குச் சௌகரியமா இருக்குங்க?" நான் கதவோரத்து நாற்காலியைக் காட்டினேன். கதவைச் சாத்தலாமா, திறந்தே இருக்கட்டுமா என்றும் கேட்டார். திறந்தே இருக்கட்டும் என்றேன். அப்புறம் சுக்குக் காபி வந்தது. "என்ன நடந்துச்சு" என்று அன்று சாயங்காலம் வரை ஒருவரும் கேட்கவில்லை.

அதற்கு முந்தைய எட்டு மாதத்தில், பையன் யாரிடம் இருப்பது என்ற வழக்குக்காக, என் கதையை ஏழு பேரிடம் முதலிலிருந்து சொல்லியிருந்தேன். ஊர்ப் பெரியவர்கள், வக்கீல், வேறொரு இடத்துக் கவுன்சிலிங் என்று வரிசையாக. கவுன்சிலிங்கில் இருந்தவர் பேனாவை மூடிக்கொண்டே, "கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாமே" என்றார். ஒவ்வொரு முறை சொல்லி முடித்த பிறகும் இரண்டு நாள் கை நடுங்கும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் எனக்கு வேலை. சலங்கை கோர்க்கிற கை நடுங்கினால் அன்றைய கூலி போச்சு.

இந்த இடத்தின் பெயரையும் தெருவையும் எழுதவில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் வருகிறார்கள். சேலத்துக்குள் ஒரு மாடி அறை, சனிக்கிழமை மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை. பணம் வாங்குவதில்லை. கோர்ட் வராந்தாவில் நெடுநாளாக வாய்தாவுக்கு வரும் அம்மாக்களைக் கேட்டால் வழி சொல்வார்கள். நானும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன்.

அந்த அறையில் இருப்பவர்கள் எனக்குச் செய்ததில் பெரியது இது. என் இரண்டாவது வாய்தாவில், பையன் எந்த வகுப்பு, கிளாஸ் டீச்சர் பெயர் என்ன என்று கேட்டார்கள். வாய் வரவில்லை. ஒன்றாம் வகுப்பு என்பது எனக்குத் தெரியாதா? அவனுக்கு யூனிஃபார்ம் தைத்தவளே நான்தான். எதிர்த் தரப்பு உடனே, "பெத்தவளுக்கே தெரியல பாருங்க" என்றது. அன்று இரவு முழுக்க நான் கெட்ட அம்மாதானோ என்று படுத்துக் கிடந்தேன். அந்த அக்காதான் விளக்கினார். "பயந்துட்டா உடம்பு முதல்ல தப்பிக்கத்தான் பார்க்கும் கண்ணு. தேதி, பேரு எல்லாம் அப்போ கைக்கு எட்டாது. சில பேருக்கு அழுகை வரும், சில பேரு கல்லு மாதிரி உட்காந்துருவாங்க. ரெண்டுக்கும் பாசத்துக்கும் சம்பந்தமில்ல." இதைக் கேட்டபோதுதான் பல மாதத்துக்குப் பிறகு மூச்சு முழுசாக விட்டேன்.

ஆறுதலோடு விட்டுவிடவில்லை. நீள நோட்டு ஒன்று வாங்கச் சொன்னார்கள். ஒரு வாய்தாவுக்கு ஒரு பக்கம்: என்ன கேட்டார்கள், என்ன உத்தரவு, அடுத்த தேதி. முதல் பக்கத்தில் பையனின் பிறந்த தேதி, பள்ளி, தடுப்பூசி, அவனுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து. வாய் அடைத்தால் நோட்டைப் பார்த்துச் சொல்லலாமா என்று அனுமதி கேட்கவும் பழக்கினார்கள். பிறகு, எனக்கு வழக்கு இல்லாத ஒரு புதன்கிழமை அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தண்ணீர் எங்கே, கழிவறை எங்கே, எதிர்த் தரப்பு ஆட்கள் வந்து நின்றால் நான் எந்த பெஞ்சுக்கு நகரலாம், எல்லாம் நடந்தே பார்த்தோம். அடுத்த வாய்தாவில் என் பெயரைக் கூப்பிட்டபோது கால் தானாக நடந்தது. கூட வந்த அக்கா வெளியே பெஞ்சிலேயே இருந்தார், திரும்பி வரும்போதும் அதே இடத்தில் இருந்தார்.

1984-ம் வருடத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது தானாகக் கிடைக்கிற உரிமை இல்லை, நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். நாமே பேச வேண்டி வரலாம் என்பதால்தான் இந்தப் பழக்கம் இவ்வளவு முக்கியமாகப் படுகிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதும் எனக்கு அங்கேதான் தெரிந்தது. 1987-ம் வருடச் சட்டம் அது, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் பிள்ளை அம்மாவிடம்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இந்துக்களுக்கான 1956-ம் வருடத்துச் சட்டம் "சாதாரணமாக" என்றுதான் சொல்கிறது, முடிவில் பிள்ளையின் நலனைத்தான் எடை போடுவார்கள் என்று மறைக்காமல் சொன்னார்கள். அன்றைக்கு வலித்தது. ஆனாலும் பொய் நம்பிக்கையோடு கோர்ட்டுக்குப் போவதைவிட அது நல்லது.

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி பஸ்ஸில் வரும் ஒரு அக்கா உண்டு. எஸ்டேட் வேலை. அவருடைய மகளைக் குழந்தைகள் நலக்குழு முன்னால் கொண்டுபோய், குழந்தைகள் இல்லத்தில் வைத்துவிட்டார்கள். வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள், அவர்கள் எழுதுகிற அறிக்கை முக்கியம் என்று அவருக்கு விளக்கி, வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்பதை எழுத்தில் தயார் செய்ய உதவினார்கள். மகள் இன்னும் வரவில்லை. அவர் மலை இறங்கி வந்துகொண்டே இருக்கிறார்.

குறைகளும் உண்டு. மாடிப்படி செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் சிரமப்படுகிறார்கள். கீழே பட்டறைச் சத்தம், திடீரென்று இரும்பு விழுந்தால் நான் மட்டும் இல்லை, பலரும் துள்ளிவிடுகிறோம். தனியாகப் பேச நேரம் கேட்டால் ஐந்து வாரம் ஆகிறது. இரவில் கூப்பிட எண் கிடையாது. பிள்ளைகளுக்கென்று அங்கே எதுவும் இல்லை, அது பெரிய குறை. ஒரு தடவை அங்கே உதவிக்குப் புதிதாக வந்த தங்கச்சி ஒருத்தி, நான் அழுததும் கேட்காமல் கட்டிப்பிடித்துவிட்டாள். உடம்பு விறைத்துப் போனது. அக்காவிடம் சொன்னேன். அடுத்த வாரம் அந்தத் தங்கச்சியே வந்து, "கேக்காம தொட்டது தப்புங்க்கா" என்றாள். அதன்பிறகுதான் அந்த இடத்தை முழுசாக நம்பினேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு பையனைப் பார்க்க இரண்டு மணி நேரம். முன்பெல்லாம் பிரியும் நேரத்தில் நான் அழ, அவன் அழ, மறுநாள் அவனுக்குக் காய்ச்சல். பத்து நிமிடத்துக்கு முன்பே சொல்லிவிடு, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வழியனுப்பு என்று சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது தட்டுவடை செட் வாங்கிப் போகிறேன். அவன் நடுவில் இருக்கும் பீட்ரூட்டை எடுத்து என் தட்டில் வைப்பான். கடைசித் தட்டுவடை வந்ததும், "பத்து நிமிசம் சாமி" என்கிறேன். போன மாதம் அவனே, "அடுத்த தடவை ரெண்டு செட்டும்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான்.