மூன்று பேரைப் பிடித்தால் நீங்களும் ஏஜென்ட்: 'பயண முகவர் பொதி' ஒரு மதிப்பீடு

ஆள்மேல் ஆள் சேர்க்கும் சங்கிலிக் கொம்பனிகள் 'நீங்களும் பயண முகவர் ஆகலாம்' என்று காசுக்கு விற்கும் பொதி இது. பிரித்தால் உள்ளே நாலு சாமான். படம் போட்ட பிளாஸ்ரிக் அட்டை ஒன்று, உங்கள் பெயரில் ஒரு இணையத்தளம், ஆங்கிலத்தில் அச்சடித்த சான்றிதழ், மாதாந்த சூம் கூட்டத்துக்கு ஒரு இணைப்பு. அட்டைப் படத்தில் ஆள் பெரும்பாலும் ரை கட்டியிருப்பார். கிளிநொச்சி வெயிலில் ரை கட்டிச் செய்கிற தொழில் எது என்று அங்கேயே கேட்டிருக்கலாம். விற்கிறவர்களின் வாய்ப்பாடு எங்கும் ஒன்றுதான்: "அக்கா, நீங்கள் ஒண்டும் விக்கத் தேவையில்லை. மூண்டு பேரைச் சேர்த்துவிட்டாக் காணும், மிச்சம் தன்பாட்டில ஓடும்."

வன்னியில் பயண முகவருக்கு வேலை இல்லாமல் இல்லை. பலாலி–சென்னை விமானம் 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்ரோபரில் வந்தது. வைத்தியத்துக்கும் கோயிலுக்கும் இந்தியா போகிறவர்கள், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள், கோடை விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வருகிற சொந்தங்கள் என்று ரிக்கெற் போட ஆள் தேவைதான். அந்தத் தேவையைக் காட்டித்தான் பொதி விற்கப்படுகிறது. பொதியில் உள்ள எதைக் கொண்டும் அதைச் செய்ய முடியாது என்பதுதான் சிக்கல்.

முதலில் அட்டை. ரிக்கெற்றைத் தானே வெளியிடும் முகவருக்கு, உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் அங்கீகாரம் வேண்டும். அதற்கு நிதிநிலை காட்ட வேண்டும், பிணை வைக்க வேண்டும், அதன் பிறகே எண் கிடைக்கும். அமெரிக்காவில் ஐயாட்டாவின் கிளை அமைப்பான ஐயாட்டன் கொடுக்கும் உண்மையான முகவர் அட்டைக்குக்கூட வாரம் 20 மணித்தியாலம் வேலையும் வருடம் 5,000 டொலர் தரகு வருமானமும் காட்டவேண்டும். சங்கிலிக் கொம்பனியின் அட்டைக்குத் தகுதி ஒன்றே ஒன்று: காசு கட்டியிருக்க வேண்டும். பயணத் துறையில் இப்படிப்பட்ட கொம்பனிகளை 'அட்டை ஆலை' என்றே சொல்வார்கள். "இதைக் காட்டினால் ஹோட்டலில் பாதி விலை" என்ற பேச்சையும் நம்பவேண்டாம். முகவர் விலை கொடுக்கும் ஹோட்டல்கள் முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லி அங்கீகார எண்ணைக் கேட்கும். வரவேற்பு மேசையில் அட்டையை நீட்டினால் சிரித்துவிட்டுத் திருப்பித் தருவார்கள்.

இணையத்தளம் அடுத்தது. ஒரே தளத்தை ஆயிரம் பேருக்கு ஆயிரம் பெயரில் நகலெடுத்துக் கொடுக்கிறார்கள். பின்னால் ஓடுவது யாரும் கைத்தொலைபேசியில் திறக்கக்கூடிய ரிக்கெற், ஹோட்டல் பதிவுத் தளம்தான். விலையும் அதே விலை, சிலவேளை கூட. ஆள் அனுப்பினால் தரகு தரும் பெரிய ஹோட்டல் பதிவுத் தளங்களின் இணைப்புத் திட்டத்தில் சேரக் காசு தேவையில்லை என்பதை ஆள் சேர்க்கும் செமினாரில் யாரும் சொல்வதில்லை.

தரகுக் கணக்கு இன்னும் மோசம். விமான ரிக்கெற்றில் கொழுத்த தரகு என்பது பழைய காலத்துக் கதை. 1995 பெப்ரவரியில் டெல்ரா விமான நிறுவனம் அமெரிக்க உள்நாட்டுப் பயணத் தரகுக்கு 50 டொலர் உச்சவரம்பு போட்டது. 2002 மார்ச்சில் அடிப்படைத் தரகையே நிறுத்தியது. மற்றவையும் அதே வழியில் போயின. ஹோட்டல் அறைக்குப் பொதுவாகப் பத்து வீதம் அளவில் வரும். அதில் பாதியைக் கொம்பனி எடுக்கிறது என்று வைத்தால் உங்களுக்கு ஐந்து வீதம். மாதக் கட்டணம் 50 டொலர், அதாவது டொலர் முந்நூறு ரூபா என்றால் 15,000 ரூபா. அந்தக் கட்டணத்தை ஈடுகட்ட மட்டுமே மாதம் மூன்று இலட்சம் ரூபாவுக்கு அறை விற்கவேண்டும். புதுக்குடியிருப்பில் இருந்துகொண்டு, யாருக்கு?

50 டொலர் கற்பனை இல்லை. அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் இருந்த வை.ரீ.பி. என்ற கொம்பனி சேர்வதற்கு 449.95 டொலரும் மாதம் 49.95 டொலரும் வாங்கியது. முதல் வருடத்திலேயே ஆயிரம் டொலர் தாண்டும். 2008 ஓகஸ்ட்டில் கலிபோர்னியா சட்டமா அதிபர் ஜெரி பிரவுன் அது பிரமிட், அதாவது பின்னால் சேர்கிறவர்களின் காசில் முன்னால் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கும் திட்டம் என்று வழக்குப் போட்டார். அந்த வழக்கின்படி 2007இல் அதில் இரண்டு இலட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். பயணத் தரகாக ஒரு சதமாவது கண்டவர்கள் 38 வீதம். அவர்களிலும் பாதிப்பேருக்கு முழு வருடத்துக்கும் கிடைத்தது 39 டொலர் அல்லது அதிலும் குறைவு. ஒரு மாதக் கட்டணத்துக்கும் காணாது. 2009இல் பத்து இலட்சம் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்த கொம்பனி, 2013இல் வங்குரோத்து. பின்னால் வந்த வேர்ள்ட்வென்சேர்ஸ் என்ற பயணச் சங்கிலிக் கொம்பனியை 2014இல் நோர்வே அதிகாரிகள் பிரமிட் என்று தீர்மானித்தார்கள்; 2020 டிசம்பரில் அதுவும் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது. பெயர் மாறும், பொதி மாறுவதில்லை.

'மூண்டு பேர்' கணக்கையும் ஒருதரம் போட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரும் மூன்று பேரைச் சேர்த்தால் பத்தாவது வரிசையில் 59,049 பேர், பதினோராவதில் 1,77,147. கிளிநொச்சி மாவட்டத்தின் முழுச் சனத்தொகையே 2012 கணக்கெடுப்பில் ஒரு இலட்சத்துப் பதின்மூவாயிரத்துச் சொச்சம், குழந்தை குட்டி உட்பட. முல்லைத்தீவையும் சேர்த்தால் பன்னிரண்டாவது வரிசைக்கு ஆள் இல்லை. அதுக்கு வெகு முன்னமே, ஒரு கிராமத்தில் நாலாவது ஐந்தாவது வரிசையில், மாமா மச்சான் எல்லோரும் ஏற்கெனவே ஏஜென்ட் ஆகியிருப்பார்கள். நகையை அடைவு வைத்தும் நுண்கடன் எடுத்தும் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி வரிசையில்தான் நிற்பார்கள்.

ஆள் சேர்க்கச் சேர்க்கப் பயன் கூடும் திட்டத்தைத் தொடங்குவதும் நடத்துவதும் பரப்புவதும் இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சீ பிரிவின் கீழ்ச் சிறைக்குப் போகக்கூடிய குற்றம். கொழும்பில் இருக்கும் தலைவருக்கு மட்டும் அல்ல, வட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பி ஊரில் செமினார் வைக்கிறவருக்கும் அது பொருந்தும். அதைவிடப் பெரிய ஆபத்து, அட்டையைப் பார்த்து நம்பி அயலவர் மகனின் கடவுச்சீட்டையும் காசையும் 'கட்டாருக்கு அனுப்பிவிடுங்கோ' என்று கையில் தருவது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வேண்டும். அது இல்லாமல் வாங்கினால் பொலிஸ் வரும்போது அட்டை விற்றவர் வரமாட்டார்.

காசு கட்ட முன் பார்க்கவேண்டியவை அதிகம் இல்லை. 'பீ.வி.' என்று தொடங்கும் எண்ணைக் காட்டி "அரசாங்கப் பதிவு" என்பார்கள். அது கொம்பனிப் பதிவு மட்டும். பலசரக்குக் கடைக்கும் அது கிடைக்கும். பயண முகவர் என்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவைக் கேளுங்கள், அவர்களின் தளத்தில் பெயரைத் தேடுங்கள். ஐயாட்டா எண் சொன்னால் ஐயாட்டா தளத்தில் எண்ணைச் சரிபார்க்க வழி உண்டு. அந்த எண் வேறு யாருடையதோ என்றும் கவனியுங்கள். கேட்டறியத் தொலைபேசி எண்கள்: வேலைவாய்ப்பு உரிமத்துக்குப் பணியகத்தின் 1989, பிரமிட் சந்தேகத்துக்கு மத்திய வங்கியின் 1935. கட்டணம் கொம்பனிக் கணக்குக்கு இல்லாமல் சேர்க்கிறவரின் சொந்தக் கணக்குக்கோ யூ.எஸ்.டி.ரி. என்ற கிரிப்ரோ நாணயமாகவோ கேட்கப்பட்டால், மேலே உள்ள எதையும் பார்க்கத் தேவையில்லை, காசு கட்டாமல் விலகிவிடுங்கள்.

அட்டைக்காரர் ஒருவர் உங்களுக்கு ரிக்கெற் போட்டுத் தந்திருந்தால் பி.என்.ஆர். என்ற ஆறு எழுத்துப் பதிவுக் குறியீட்டோடு திருப்திப்படவேண்டாம். அது இடம் பிடித்ததற்கு அடையாளம் மட்டும். காசு போகாவிட்டால் கலைந்துவிடும். 13 இலக்க ரிக்கெற் எண்ணைக் கேளுங்கள். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு, சிறிலங்கன் என்றால் 603. சில மலிவுக்கட்டண விமானங்களில் இந்த எண் இருக்காது. அங்கே நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பி.என்.ஆரையும் குடும்பப் பெயரையும் போட்டு உறுதியாகியிருக்கிறதா என்று பாருங்கள். முகவர் அனுப்பும் பீ.டி.எஃப். சான்றாகாது. அதைத் திருத்த ஐந்து நிமிடம் போதும்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் முதலில் வங்கி அட்டையிலிருந்து மாதாமாதம் கட்டணம் கழிவதை நிறுத்தவேண்டும். கொம்பனிக்கு எழுதிக்கொண்டு காத்திருக்காமல் வங்கிக்குப் போய் அந்த வங்கி அட்டையையே நிறுத்தி மாற்றுங்கள். ஒப்பந்தத்தில் 'திருப்பித் தரப்படமாட்டாது' என்று இருந்தாலும் முறைப்பாடு செய்ய அது தடை இல்லை. வங்கிச் சீட்டு, வட்ஸ்அப் உரையாடல், செமினார் சுவரொட்டியின் படம், பேசியவர்களின் குரல்பதிவு எல்லாம் அழியாமல் வேறொரு போனிலும் இருக்கட்டும். பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஏஜென்ட் அட்டையைக் கொண்டுவாருங்கள் என்று கொம்பனிக்காரர் கூப்பிட்டால் படத்தை மட்டும் அனுப்புங்கள். முறைப்பாட்டுக்கு அந்த அட்டையும் ஒரு சான்று, கையைவிட்டுப் போகக்கூடாது.